ஒட்டும் மாவு

வேலை விட்டு வந்ததும் செங்கோடன்
வாசற்குழாயடியில் நிற்க வேண்டும்.
சட்டையை உதறாமல் சுருட்டி
மூடிபோட்ட வாளிக்குள் திணிக்க வேண்டும்.
காதுமடல், நகக்கண், புருவம்,
எங்கேயும் மைதா இருக்கக் கூடாது.
அதற்குப் பிறகுதான்
கம்பிக் கதவின் கொக்கியை எடுப்பாள் மிதுலா.

அம்மாப்பேட்டை பேக்கரியில்
பதினோரு வருஷமாக பன் போடுகிறவன்.
அவன் கைபட்ட ஒன்றையும்
எட்டு வயசு மகள் தின்ன முடியாது.
கோதுமை ஆகாது என்றார் டாக்டர்.
குடல் தேறும்வரை பாலும் ஆகாது என்றார்.
முட்டைக்குத் தடிப்பு ஏறுவது
முன்பே தெரிந்த கதை.
"அப்ப பிஸ்கட்டு?" என்றாள்.
டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வகுப்பில் யாருக்குப் பிறந்தநாளோ,
சாக்லேட்டைக் கையில் வாங்கி
அப்படியே கொண்டுவந்து என்னிடம் தருவாள்.
டப்பாவில் பதினேழு சேர்ந்திருக்கிறது.

நானும் வெள்ளையாகத்தான் வீடு திரும்புகிறேன்.
சேகோ ஆலையில் மூட்டை தைக்கிற வேலை.
இமையில்கூட மரவள்ளி மாவு.
அதை யாரும் கழுவச் சொல்வதில்லை.
கட்டிக்கொண்டு முகத்தைத் தேய்ப்பாள்,
அவள் மூக்கு நுனி வெளுக்கும்.

முதல் ஞாயிறு
சோளமாவும் நாட்டுச்சர்க்கரையும் தேங்காயெண்ணெயும்.
தட்டிலிருந்து எடுக்கையில் மணலாய்ப் போயிற்று.
கரண்டியால் அள்ளித் தின்றாள், குறை சொல்லாமல்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் கேழ்வரகு கூடிப்போய்
வெள்ளைக்கல் கரட்டுக்கு ஒரு கறுத்த தம்பி.
செங்கோடன் தரையில் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"மாவுன்னா இழுக்கணும் புள்ள.
இதுல இழுவையே இல்ல, எதைப் புடிச்சு நிக்கும்?"
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை நான்.

பேசாத அந்த இரண்டு நாளில் தோன்றியதுதான்:
கஞ்சி.
நூல் புடவைக்குப் போடுவோமே, அது.
மரவள்ளி மாவு இரண்டு கரண்டி,
கொதிக்கிற தண்ணீர்,
விடாமல் கிண்டினால் கண்ணாடியாய்த் தெளிந்து
கரண்டியை விடமாட்டேன் என்கும்.
ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு கிள்ளு.
நாலு ரோட்டில் வாங்கிய கோகோ.
டப்பாவின் எறும்பெழுத்தை
செல்போன் வெளிச்சத்தில் மூவரும் படித்தோம்,
பால் என்ற சொல் வருகிறதா என்று.
வரவில்லை.
இன்னொரு தடவை படித்தோம்.

பெரிய குக்கர். அடியில் கல்லுப்பு.
விசில் இல்லை, கேஸ்கட் இல்லை.
பேக்கரியில் இருநூறு தட்டு இறக்குகிறவன்
ஆறே ஆறு வட்டத்துக்கு முன்னால்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.
திறக்காதே என்றேன். திறந்தான்.
திறக்காதே என்றாள் மிதுலா. மூடினான்.

கசப்பும் வெல்லமும் கலந்த வாசம்
சந்து முழுக்கப் போனது.
எதிர்வீட்டு நாகமணி ஜன்னலைத் திறந்து
என்ன விசேஷம் என்றாள்.
ஒன்றுமில்லை என்றோம்
மூன்று பேரும் ஒரே குரலில்.

ஓரம் வெடித்திருந்தது. நடுவில் கொஞ்சம் குழைவு.
ஆனால் தூக்கினால் தூக்க வந்தது.
ஒடித்தால்
ஒடிகிற சத்தம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம்
குழாயடியில் சோப்பு நுரையோடு அவன்.
கம்பிக்கு இந்தப் பக்கம் அவள்,
கையில் அவனுக்கென்று வைத்த ஒன்று.
"முழங்கை காட்டு." காட்டுகிறான்.
"கழுத்து." திரும்புகிறான்.
வாயைத் திற என்று கம்பி வழியே நீட்டி
பாதியில் இழுத்துக்கொண்டு
"தலை தேய்க்கல" என்கிறாள்.

மிஞ்சிய கஞ்சியில்
அவள் கணக்கு நோட்டுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.
நன்றாகப் பிடித்துக்கொண்டது.
முதலெழுத்தின் மேல் ஒரு கோகோ விரல்ரேகை,
யாருடையது என்று தெரியவில்லை.