மிச்ச ஜோடி

எல்டொரெட் சந்தையில், தார்ப்பாயின் மேல்,
யாரோ ஓடித் தேய்த்த ஷூக்கள்.
ஜெரோடிச் குந்தி உட்கார்ந்து
உள்ளே கைவிட்டுப் பார்க்கிறாள்:
முன்பு போட்டவரின் கட்டைவிரல்
இன்னும் அங்கே, பள்ளமாய்.

அவளுக்கு வலது முப்பத்தொன்பது,
இடது நாற்பது.
எந்த ஓட்டம் முடிந்தாலும்
ஒரு நகம் கறுத்திருக்கும்.

இன்று ஒரே ரகத்தில் இரண்டு அளவும் கிடைத்தன.
"ரெண்டு ஜோடிக்கும் காசு வை" என்றான் வாஃபுலா.
வைத்தாள்.
வேண்டாத இரண்டையும் நாடாவால் முடிந்து
அவன் கடை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனாள்.

மழை ஓய்ந்து வந்தபோது
ஆணி மட்டும்தான் இருந்தது.
"ஒருத்தி போட்டுப் பார்த்தா. கச்சிதம்.
அப்படியே ஓடிட்டா."
பேர் கேட்கவில்லையாம்.

இப்போதெல்லாம்
விடியுமுன் செம்மண் சாலையில் எதிரே வருபவர்களின்
முகத்தை
அவள் பார்ப்பதில்லை.