வியாழக்கிழமை முள்

இந்த ஊரில் அந்தத் தொடரை யாரும் பார்க்கவில்லை.
கசாப்புக்கடை ஒசோரியோ பார்க்கவில்லை,
தங்கை பார்த்தாள் என்கிறார்.
தங்கை, பல் வைத்தியர் பார்த்தார் என்கிறாள்.
பல் வைத்தியர் ஊரை வாய் திறக்கச் சொல்வார்,
தன் வாயைத் திறக்க மாட்டார்.
நிறுத்தக் கோரி மனு எழுதிய மாதர் சங்கம்
தன் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் புதனுக்கு மாற்றிக்கொண்டது.
பங்குத்தந்தை ஞாயிறு பிரசங்கத்தில்
இரண்டாம் பாகத்தின் பதினேழாம் நிமிடத்தைக் கண்டித்தார்,
அத்தனை துல்லியமாக.

நான் உண்மையிலேயே பார்க்கவில்லை.
வியாழன் இரவு எனக்கு நீரேற்று நிலையத்தில் வேலை.
உருகுவே நதியை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்பும்
மூன்று மோட்டார்கள்,
கால் சூடாக்க ஒரு மின்கணப்பு,
மாத்தே குடிக்கும் சுரைக்குடுவை,
சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் அழுத்தமானி.
அதன் முள்தான் எனக்குத் தொலைக்காட்சி.

ஒன்பதுக்குத் தொடங்குகிறது.
ஒன்பது ஐந்துக்கு முள் நிமிர்ந்து நிற்கிறது.
ஒரு குழாய் திறக்கவில்லை,
ஒரு பாத்திரம் கழுவப்படவில்லை,
ஒருவருக்கும் ஒன்றுக்கு வரவில்லை.
எதிர்க்கரை அர்ஜென்டினா கோப்பை வென்ற ஆட்டத்துக்குக்கூட
ஊர் இப்படி அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.
பத்துக்கு முடிகிறது. முள் சடாரென்று விழுகிறது.
இரண்டாம் மோட்டாரை முடுக்க ஓடுகிறேன்.
பார்க்காத ஊர் மொத்தமும்
ஒரே நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறது.

ராணுவம் போய் நாலு வருஷம்.
இனி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள்.
எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லவில்லை.

நான்காம் பாகம் அறுபது கடந்தவர்களின் உடம்பைப் பற்றியது
என்று செய்தித்தாளில் போட்டிருந்தது.
அன்று பத்து மணி ஆனது.
முள் விழவில்லை.
பத்து ஐந்து. பத்து பத்து.
கண்ணாடியை விரலால் தட்டினேன்.
தண்ணீர்க் கோபுரத்தில் இருந்த வாஷிங்டனுக்குப் போன் போட்டேன்.
"பார்க்கிறாயா?"
"நான் எதற்குப் பார்க்கப்போகிறேன்?" என்றான்,
குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.
பையனுக்கு இருபத்தாறு வயது,
அப்பாவும் அம்மாவும் தனித்தனி அறையில் தூங்குகிற வீடு.
பிறகு முள் இறங்கத் தொடங்கியது,
ஒரே வீழ்ச்சியாக இல்லை,
இங்கே ஒரு வீடு, நெடுநேரம் கழித்து அங்கே ஒன்று.
நள்ளிரவு தாண்டியும் யாரோ குளித்தார்கள்.

காலையில் நெல்பா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தொரு வருஷமாகச் சுவரைப் பார்த்துத் தூங்குகிறவள்.
ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்:
"வியாழக்கிழமை ஷிப்டை யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடியுமா?"
"ஏன்?"
"எனக்கு ஒன்று கேட்க வேண்டும்.
நீ இல்லாத வீட்டில் யாரிடம் கேட்பது, பெட்டியிடமா?"
கத்தி பலகையில் இறங்கியது.
வேண்டியதைவிட அதிகமாகவே வெட்டியிருந்தாள்,
இரண்டு பேருக்கு எட்டுத் துண்டுகள்.

மாற்றிக்கொண்டேன்.
வாஷிங்டனுக்கு இரட்டைச் சம்பளமும் ஒரு பாட்டில் கிராப்பாவும்.

ஐந்தாம் பாகத்தில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.
வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மருத்துவர்,
ஏதோ ஒரு வரைபடம்,
கைகோத்து நடந்த நரைத்த இருவர்.
விளம்பர இடைவேளையில் அவள் கேட்டாள்,
சோப்புத் தூள் பாட்டின் சத்தத்துக்குள் வைத்து.
கேள்வியை இங்கே எழுத மாட்டேன்.
அதற்கான பதில், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்,
எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை மட்டும் எழுதலாம்.
"தெரியாது" என்றேன்.
அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை.
"சரி. எனக்கும்தான்."

பத்து அடித்தது.
பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுத்து
அதில் நாங்கள் இருவரும் மங்கலாக உட்கார்ந்திருந்தோம்.
எனக்கு அவசரமாகத்தான் வந்தது.
எழவில்லை.

நதிக்கரையில் இந்நேரம் அந்தப் பையன்
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்பான்.