பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு நான்கு பாடம்

கோவிலம்பாக்கம் கிணற்றடியில்
மோட்டார் போட்டதிலிருந்து
டேங்கர் வாய்வரை தண்ணீர் ஏறுவதற்குள்
எனக்கு நான்கு காணொளிகள்.
கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று முதலாவதில் ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்.
இரண்டாவதில் தேன் ஏன் கெடுவதில்லை.
மூன்றாவதில்
சட்டைக் காலரில் மைக் குத்திய ஒரு பெண்
ஒன்றிலிருந்து நூறுவரை கூட்டினாள்,
முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்து.
ஐம்பது ஜோடி, ஜோடிக்கு நூற்றியொன்று.
அவ்வளவுதானா?
இதற்காகவா அன்று முழுப் பீரியடும்
என்னை வெளியே நிற்கவைத்தார்கள்?

நான்காவது பாதியில் இருக்கும்போது
எபினேசர் குழாயைத் தட்டுவான்.
அதனால் கருந்துளைக்குள் விழுந்தவன்
கடைசியில் என்ன ஆனான், தெரியாது.
ரேடியல் ரோடு சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
விழுந்துகொண்டே இருக்கிறான் பாவம்.

என் படிப்பெல்லாம் இப்படித்தான்.
பிரெஞ்சுப் புரட்சி, ரொட்டி விலை வரைக்கும்.
சிறுநீரகம், வடிகட்டி வரைக்கும்.
நிலநடுக்கம், பூமிக்கடியில் தட்டுகள் வரைக்கும்
("சாப்பாட்டுத் தட்டாண்ணே?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்).
மூன்று மணிக்கு நெட் தீர்ந்துபோகும்.
மிச்ச உலகம் நள்ளிரவுக்கு மேல்.

வீட்டில் இந்த ஒரு போன்தான்.
ராத்திரி அது செண்பகவல்லிக்கு.
தையல் வகுப்பு பார்ப்பாள்.
எங்கள் இருவரையும் ஒரே ஆள் என்று நம்பி
அது அனுப்பிக்கொண்டிருக்கிறது:
பிரின்சஸ் கட், அடுத்து எரிமலை.
பட்டன் பட்டி, அடுத்து பூஜ்யத்தின் வரலாறு.
அப்படி ஒரு ஆள் இருந்தால்
நன்றாகத்தான் இருக்கும்.

துரைப்பாக்கம் அடுக்ககத்தில் ஒருநாள்
செக்யூரிட்டி ராஜமாணிக்கத்திடம் சொன்னேன்:
"சார், இந்தத் தண்ணியில கொஞ்சம்
சூரியனைவிட வயசானதாம்."
அவர் மேலேறிக் குச்சியை விட்டுப் பார்த்தார்.
"வயசு இருக்கட்டும்.
நாலு விரக்கடை குறையுதே?"

இன்று காலை நான்காவதாக வந்தது
நிலத்தடி நீர், நான்கே நிமிடத்தில்.
மணல், களிமண், பாறை
என்று அடுக்கடுக்காய் வரைந்தார்கள்.
மேலே மழை. மழை மணலுக்குள் இறங்கியது.
இளநீரில் உறிஞ்சுகுழல் போட்டார்கள்.
கிழக்கிலிருந்து கடல்
காலியான இடத்தைப் பார்த்து உள்ளே வந்தது,
சொந்தக்காரர் மாதிரி.

பிறகு இரண்டு நொடி
நிஜப் படம்.
விடிகாலை, வரிசையாய் லாரிகள்.
மூன்றாவது வண்டிக் கதவில்
பள்ளிக்கரணை வளைவில் ஆட்டோ இழுத்த பச்சைக் கீறல்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை.

நிறுத்தினேன். பின்னால் இழுத்தேன்.
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
பெரிதாகப் பெரிதாக
முழங்கை கட்டம் கட்டமாய் உடைந்தது.
ஆனால் என் முழங்கை எனக்குத் தெரியாதா?

குரல் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
"ஒரு நாளைக்கு இத்தனை லாரி" என்றது.
அந்த இத்தனையில் இருந்தேன்.
திட்டவும் இல்லை.
திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்:
வண்டித் தவணை, டீசல்,
ஏழாவது மாடியில் குழாயைத் திறந்து காத்திருப்பவர்கள்.

உற்றுப் பார்த்தால் இன்னொன்று.
வரிசையில் நிற்கும் அந்த ஆள்
தலை குனிந்திருக்கிறான்.
முகத்தில் நீல வெளிச்சம்.
அன்றைக்கு என்ன பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன்?
ஆக்டோபஸா, ரொட்டி விலையா?
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

எபினேசர் குழாயைத் தட்டினான்.
"அண்ணே!" என்றான்.
"இரு, முடியட்டும்" என்றேன்.
வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாடத்தைக்
கடைசி நொடி வரை பார்த்தேன்.
டேங்கர் நிறைந்து, வழிந்து,
டயர் நனைந்து,
தண்ணீர் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
முதலில் வரைந்து காட்டினார்களே, அதே மாதிரி.

திரை தானாக மாறியது.
அடுத்து, ஐந்து நொடியில்:
முழங்கை வரை கை வைத்த பிளவுஸ்
வெட்டுவது எப்படி.