கழித்தல் குறி

குரோனிங்கனில் எங்கள் அலுவலகம்
ஒரு சைக்கிள் கடைக்கு மேலே.
நிதி கொடுப்பவள் நானல்ல.
கொடுத்த நிதி எங்கே போனதென்று
கட்டம் கட்டமாய்ச் சரிபார்ப்பவள்.

லாட்வியாவில், லியபாயாவிலிருந்து
விஸ்வால்டிஸ் அனுப்பிய அறிக்கை
ஒன்றரைப் பக்கம்தான்.
ஆறு மாதத்துக்கு ஒன்பதாயிரம் யூரோ:
வாடகை, மின்சாரம்,
மடிக்கணினிக்குப் புது பேட்டரி,
பல் பிடுங்க நூற்றுப்பத்து
(அதை எழுதாமலே விட்டிருக்கலாம்).
பிறகு அந்தக் கட்டம்.
புதிதாய் எழுதிய நிரல், வரிக்கணக்கில்.
அவர் இட்டிருந்தது: −1140.

எங்கள் படிவத்துக்குக் கழித்தல் குறி தெரியாது.
சிவந்துபோய் நின்றது.

தொலைபேசியில் அழைத்தேன்.
அந்தப் பக்கம் ஒரு நாய்
எலும்பைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தது.
"தேதி பார்க்கும் நிரல். திறந்த மூலம்.
யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்,
எடுத்தவர் யாரென்று எனக்கே தெரியாது.
இருபத்திரண்டு வருடமாய் ஆளாளுக்குப் போட்ட ஒட்டு.
பிரித்தேன், அவ்வளவுதான்."

"பணம் வாங்கிக்கொண்டு குறைத்திருக்கிறீர்கள்.
குழுவிடம் நான் என்ன சொல்ல?"

நாய் நிறுத்திவிட்டது.
"பிப்ரவரி இருபத்தொன்பது காலை
உங்கள் ரயில் வந்ததா?"

ஏழு பதினெட்டு, ஸ்வோல்லே வண்டி.
வந்தது. ஜன்னலோரம் இடம்.
காப்பி கொஞ்சம் கையில் சிந்தியது.
அந்த நாளில் வேறெதுவும் நினைவில்லை.

"நினைவில்லை அல்லவா,
அதை எழுதுங்கள்" என்றார்.

அதற்குக் கட்டமில்லை.
சுழியம் அடித்தேன். பச்சையானது.
ஆயிரத்து நூற்று நாற்பது வரி
என் விரலடியில் இன்னொரு முறை காணாமல் போனது.

வெள்ளிக்கிழமை அவருடைய அடுத்த விண்ணப்பம்.
இரண்டாயிரத்து நூறு:
நான்கால் வகுபடும், ஆனால் லீப் வருடமல்ல.
எத்தனையோ நிரல்கள் இப்போதே
இல்லாத ஒரு நாளை நம்பி உட்கார்ந்திருக்கின்றன.
கேட்பது நான்காயிரம்.
பயன்பெறுவோர்: இன்னும் பிறக்கவில்லை.
பயன் தெரியும் ஆண்டை அவர் தேர்ந்தெடுக்கவில்லை,
எங்கள் பட்டியல் 2035ஓடு முடிந்துவிடுகிறது.

கீழே கடையில் யாரோ
சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக்
கோட்டம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.
பட்டியலை நீட்டச் சொல்லி
கணினிப் பிரிவுக்கு எழுதுகிறேன்.
எதுவரை என்று ஹிட்டே எட்டிப் பார்த்துக் கேட்கிறான்,
வாயில் பாதி ரொட்டியோடு.

மார்ச் ஒன்று வரை, என்கிறேன்.
எந்த மார்ச் என்று அவன் கேட்பதற்குள்
மணி ஐந்தாகிவிட்டது.