நாங்குநேரி, இரண்டு நாற்பத்தேழு

வண்டி என் பேரில்தான் கிடக்கிறது.
பெண் பேரென்றால் வட்டி அரை குறையும் என்றான் கடன்காரன்,
அவ்வளவுதான் காரணம்.
அதனால் சுங்கச்சாவடியில் அவருக்குக் காசு கழிகிற நேரமெல்லாம்
தாழையூத்தில், பீடிச் சுளவுக்குப் பக்கத்தில்,
என் போன் ஒருதரம் துடித்து அடங்கும்.
மெசேஜ் பைனான்ஸ்காரனுக்குப் போவதாக அவர் நினைப்பு.
நான் திருத்தவில்லை.

இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்.
ஊர்ப்பேர் கூட்டிக் கூட்டியே
பாதி இந்தியா படித்துவிட்டேன்.
புளியங்குடி எலுமிச்சை ஏற்றிப் போன ஆறாம் நாள்
வாயில் நுழையாத ஓர் ஊரில் முந்நூற்று நாற்பது கழிந்தது.
பிறகு ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
லோடு கிடைக்காமல் எங்கோ மரத்தடியில்
சட்டை துவைத்துக் காயப்போட்டிருப்பார் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

வெங்காயம் கிடைத்தது. நாசிக்கிலிருந்து நாகர்கோவிலுக்கு.
போன் தெற்கே பார்த்துத் துடிக்கத் தொடங்கியது.

கிருஷ்ணகிரி, காலையில்.
கப்பலூர், ராத்திரி பத்தேகால்.
எட்டூர்வட்டம் தாண்டினதும் தூளை மூடி வைத்தேன்.
கை கழுவினேன், இரண்டு தரம்,
புகையிலை வாசம் போகாதென்று தெரிந்தும்.
சாலைப்புதூர், ஒன்று ஐந்து.
அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி.
உளுந்தஞ்சோறு ஆறாமல் இருக்க
குக்கரை அவருடைய பழைய சாரத்தில் சுற்றினேன்.
சின்னவள் வடிவை எழுப்பவா வேண்டாமா.
ஒன்றரை.
ஒன்று ஐம்பது.
பைபாஸில் கேட்ட ஒவ்வொரு ஹாரனுக்கும்
எழுந்து எழுந்து உட்கார்ந்தது காது.

நாங்குநேரி, இரண்டு நாற்பத்தேழு.

கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்வானேன்.
அப்புறம் கணக்கு வந்தது.
இருபத்தஞ்சு ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்,
பிசகினால் கடையில் கூலி பிடிப்பான்;
எண்ணாமல் விடுகிற கையில்லை இது.
சாலைப்புதூரிலிருந்து நாங்குநேரிக்கு
பாரவண்டிக்கு ஒண்ணேகால் மணி நேரம்.
அவருக்கு ஆனது நூற்றிரண்டு நிமிஷம்.
இருபத்தேழு மிச்சம்.

டீயாக இருக்கும்.
டயராக இருக்கும்.
போலீஸ் மறித்திருப்பான்.
இல்லையென்றால் நம்ம தெரு திரும்புகிற இடத்தில்
இஞ்சினை அணைக்காமல்,
இறங்காமல்,
அழுகத் தொடங்கிவிட்ட பன்னிரண்டு டன்னுக்கும் எனக்கும் நடுவே
ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி.

ஆறரைக்குக் கூப்பிட்டார்.
"எங்க இருக்கீக?"
"இன்னும் மதுரையே வரல. நீ தூங்குனியா?"
அவருக்குப் பின்னால் யாரோ
நாரோயில் பேச்சில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
பதினேழு. பதினெட்டு.
"நல்லாத் தூங்கினேன்" என்றேன்.
ஆளுக்கொன்று.

கடைசி மெசேஜின் அடியில் இருந்தது:
மிச்சம் நூற்றுப் பதினொன்று.
அது பத்தாது. திரும்புகிறபோது கம்பம் தூக்க மாட்டான்.
சனிக்கிழமைக் கூலியில் ஐந்நூறை எடுத்துக்கொண்டு
மொபைல் கடைக்குப் போனேன்.
வண்டி நம்பரைத் தட்டிக்கொண்டே பையன் கேட்டான்,
"வண்டி எங்கக்கா நிக்கி?"

"மதுரையே வரல" என்றேன்.