இடது முழங்கால்

டுவெய்ன் முன்பணம் அனுப்பிவிட்டான்,
காசோலையின் மூலையில் புது முகவரி.
அளவு கேட்டு நான் போன் செய்யவில்லை.

ஓகலாலாவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது.
கராஜ் ஹீட்டர் என் கணுக்காலை மட்டும் சுடுகிறது.
மேப்பிள் உடம்பைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்:
நிமிர்த்திய சைக்கிள் ஆரக்கால்கள்,
பழைய கார்புரேட்டரின் ஸ்பிரிங்.
அலுமினியத் துருவல் தலைமுடியில்,
காலையில் பொரித்த முட்டையிலும்.

மிதிகள் மூன்றும் சொன்ன பேச்சு கேட்கின்றன.
முழங்கால் நெம்புகோல்தான் தகராறு.
தள்ளினால் நாலாம் தந்தி அரைச்சுரம் இறங்கணும்,
விட்டால் பழைய இடத்துக்கே ஏறணும்.
ஏறியது, நான் என் மாதிரி உட்கார்ந்தவரை.

அவன் அகட்டி உட்காருவான்,
சர்ச்சில், லாரியில், வக்கீல் அறையில்கூட.
அப்படி உட்கார்ந்து பார்த்தேன்:
சும்மா இருக்கும்போதே கால் நெம்பில் சாய்கிறது,
தந்தி மயிரிழை தாழ்ந்தே நிற்கிறது.
ஸ்பிரிங்கைத் திட்டிய மூன்று இரவும் வீண்.

பதினோரு வருஷம் என்மேல் இடித்த முழங்கால்.
ஸ்கேல் எடுக்காமல் இரண்டு விரல் தள்ளிக் குறித்தேன்,
துளையிட்டேன்.

தள்ளினேன். இறங்கியது.
விட்டேன். ட்யூனர் முள் நடுவில் வந்து நின்றது.
சோதிக்க இன்னொரு முறை.
பிறகு சோதிப்பதற்கல்லாமல் ஒரு முறை.

பில்லில்
அளவெடுத்த கூலி என்று
முப்பது டாலர் சேர்த்தேன்.