பொட்டலத்து ஞாயிறு

நெத்திலி காய இரண்டு வெயில்,
வாளைக்கு நான்கு.
நாள் என்று யாரும் சொல்வதில்லை சோனாங்குப்பத்தில்,
வெயில் என்றுதான் எண்ணுவோம்.
எனக்கு இப்போது
அரை வெயில்கூட ஆகாது.

முதலில் கன்னத்தில் சிவப்பு.
உப்புத்தண்ணி பட்டதென்று தேங்காயெண்ணெய் தடவினேன்.
பிறகு விரல் முட்டிகள்.
பிறகு ஒரு மாசி விடியலில்
இடது கெண்டைக்கால் ஐஸ் பெட்டியாய்க் கனத்து
ஊன்ற முடியாமல் போனது.
சுளுக்கு என்று நீவ உட்கார்ந்தாள் மங்காவரம்.
நல்லவேளை,
அவள் எண்ணெய் எடுப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ரத்தம் உறைகிறது என்றார்கள் ஜிப்மரில்.
உறை ஊற்றினது யாரு என்று கேட்டேன்.
சின்ன டாக்டர் சிரித்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.
"உங்க உடம்பேதாம்மா."

கலியமூர்த்தி குடித்துவிட்டு வந்து
ஏலத்துறையில் எங்கள் கூடையையே
எவன் கூடைடா இது என்று எட்டி உதைத்தானே,
அந்த மாதிரி என்று
நானாகப் புரிந்துகொண்டேன்.

ரத்தம் இளகி ஓட ஒரு மாத்திரை.
மாதம் ஒருமுறை ஊசி குத்தி எண் பார்ப்பார்கள்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அது நிற்கவேண்டும்.
கீரை தின்னலாம், தினமும் ஒரே அளவு.
(போன மாதம் ஒன்று புள்ளி நான்கு.
முருங்கைக்கீரை சும்மா கிடைத்தது, என்ன செய்ய.)
வெயில் கூடவே கூடாது.

கடைசித் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"வைட்டமின் டி பதினொண்ணுதான் இருக்கு.
வெயில்ல நிக்காதவங்களுக்குத்தான் இப்படிக் குறையும்."
பதினாறு வயசிலிருந்து மணலில் நிற்கிறேன்,
தலையில் துண்டு,
புடவைமேல் அவன் முழுக்கைச் சட்டை.
கருவாடு மட்டும்தான் காய்ந்திருக்கிறது போல.

அது குறைஞ்சதாலதான் உறைஞ்சுதா?
"தொடர்பு இருக்கலாம். இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."
பார்க்கட்டும்.

வாரம் ஒரு பொட்டலம், பாலில் கரைத்து.
அறுபதாயிரம் யூனிட்.
எதை எண்ணி அறுபதாயிரம் என்று தெரியவில்லை,
எங்கள் கணக்கில் அது எத்தனை வெயிலோ.
எந்தக் கிழமை என்றேன்.
உங்க இஷ்டம் என்றாள்.
ஞாயிறு, என்றேன்.
அவளுக்கு அது கிழமையாக மட்டும் கேட்டிருக்கும்.

பாண்டி போகும்போது கடல் பக்கம் வெயில்,
கடலூர் திரும்பும்போது மேற்கே.
இரண்டு வேளையும் பஸ்ஸில் இடப்பக்கமே நிழல்.
பெண்கள் சீட்டும் அந்தப் பக்கம்தான்.
ஏதோ ஒன்று ஒத்துவருகிறது.

பகலில் மங்காவரம் புரட்டிப் போடுகிறாள்.
கூரைக்கடியில் உட்கார்ந்து நான் சாக்கு தைக்கிறேன்.
ஊசி ஏறினால் ரத்தம் லேசில் நிற்பதில்லை,
பழந்துணி பக்கத்திலேயே இருக்கும்.
பொழுது சாய்ந்து
கலங்கரை விளக்கு ஒருமுறை சுற்றின பிறகு
வெளியே வந்து
இருட்டில் நெத்திலியை அள்ளுகிறேன்.

உள்ளங்கையில் இன்னும் சூடு.
இதைக் கூடாதென்று
யாரும் எழுதித் தரவில்லை.